தலைச்சுற்று: கேட்டதும் சொன்னதும்

காது மூக்கு தொண்டை கிளினிக்கில் தாதியாக வேலை செய்தவள் நான். வன்னி ஊர்களிலிருந்து தலைச்சுற்று பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மாங்குளம்: படுக்கையில் புரண்டால் வீடே சுற்றுது அக்கா. அரை நிமிஷத்தில நிண்டுடும். பிரஷர் சரியாத்தான் இருக்கு.

கிளினிக்கில் அதிகம் கண்டது இதைத்தான். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம். குடத்தைச் சட்டென்று திருப்பினால் தண்ணீர் உடனே கூடச் சுற்றாது. அப்படித்தான் தலை திரும்பும்போது திரவம் பின்தங்கும், அதை வைத்து மூளை அசைவை அறியும். பக்கத்திலுள்ள பையில் கல்சியம் காபனேற்றுத் துகள்கள் ஒட்டியிருக்கும். வயதாலோ தலையில் அடிபட்டதாலோ அவை கழன்று குழாய்க்குள், பெரும்பாலும் பின்குழாய்க்குள், விழுந்துவிடும். நீங்கள் புரண்டு நின்ற பிறகும் துகள் உருண்டு திரவத்தை அசைக்கும். வீடு சுற்றுவது அதனால்தான்.

இதற்கு எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் கண்ட முறை இருக்கிறது. வலது காது என்றால் தலையை 45 பாகை வலப்பக்கம் திருப்பி, தலை சற்றுத் தொங்கும்படி மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். சுற்று அடங்கியதும் தலையை 90 பாகை இடப்பக்கம், பிறகு உடம்போடு சரித்து முகம் நிலத்தைப் பார்க்க, அப்புறம் எழுப்பி இருத்துவார்கள். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். எந்தக் காது என்று கிளினிக்கில் பார்த்தபிறகே செய்யுங்கள். கழுத்தில் செல் (எறிகணை) துண்டு, பழைய காயம் உள்ளவர்கள் வீட்டில் தொடவே வேண்டாம்.

தலைச்சுற்றுக் குளிசையால் துகள் திரும்பிப் போகாது. மாதக்கணக்கில் விழுங்காதீர்கள்.

ஒட்டுசுட்டான்: சுற்று மணிக்கணக்கா நிக்குது. காது அடைச்சு இரையுது.

அது வேறு. உள்காதில் திரவம் கூடுகிற மெனியர் வருத்தமாக இருக்கலாம். கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். கருவாடு, ஊறுகாய் போன்ற உப்புச் சாப்பாட்டைக் குறையுங்கள்.

புதுக்குடியிருப்பு: உள்ளி போட்டுக் காய்ச்சின எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு அம்மாவுக்குச் சுகம் வந்தது. நீங்கள் ஏன் மறைக்கிறியள்?

அண்ணை, செவிப்பறை முழுசாக இருந்தால் எண்ணெய் உள்காதுக்குப் போகாது. துகள் வருத்தம் பல பேருக்குச் சில வாரத்தில் தானாகவே அடங்கும். பெயர் எண்ணெய்க்குப் போய்விட்டது.

அதே அண்ணை: அப்ப ஊர்ச் சனமெல்லாம் மடையரோ?

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் செல்லடியில் செவிப்பறை கிழிந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! கிழிசலுக்குள் எண்ணெய் போனால் சீழ் பிடிக்கும். இன்னொன்று, காதுக்குள் சூடாகவோ குளிராகவோ எதை விட்டாலும் அதுவே சுற்றைக் கிளப்பும். தண்ணீர் விட்டுக் கண் துடிப்பதைக் கவனித்து இதை விளக்கியவர் ரொபேர்ட் பாரானி. 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் அவருக்குத்தான். பரிசுச் செய்தி வந்தபோது ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். எண்ணெய்ப் பேச்சு இத்தோடு போதும்.

நெடுங்கேணி: அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம். ஜென்டாமைசின் ஊசிக்குப் பிறகு இருட்டில தள்ளாடுறார். சுற்றில்லை.

இன்றைக்கே டொக்டரிடம் சொல்லுங்கள். அந்த மருந்து உள்காதின் உணர்கலங்களை அழிக்கக்கூடியது. சிறுநீரகம் பழுதானால் உடம்பில் தேங்கும். இரு காதும் ஒன்றாகக் கெட்டால் சுற்றாது, தள்ளாட்டம்தான் வரும். வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தக்காரர் பலர். எந்த ஊசிக்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள்.

விசுவமடு: பிரஷர் கூடினாலோ சுற்றும்?

நாலாவது தடவை இந்தக் கேள்வி. பிரஷரைப் பாருங்கள், ஆனால் எல்லாச் சுற்றையும் அதன் தலையில் போடாதீர்கள். திடீர்ச் சுற்றோடு பேச்சுக் குழறினால், இரட்டையாகத் தெரிந்தால், முகம் கோணினால், நிற்கவே முடியாவிட்டால் பாரிசவாதமாக இருக்கலாம். உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

முழங்காவில்: எனக்கும் புரண்டு படுத்தால்...

மாங்குளத்துக்குச் சொன்னதை வாசியுங்கள்.

பரந்தன்: மகன் பஸ்ஸில ஏறினாலே சத்தி.

போனைப் பார்க்கும் கண் அசைவில்லை என்கிறது, காது ஓடுகிறோம் என்கிறது. முன் சீட்டில் இருத்திப் போனைப் பறியுங்கள். ரோட்டைப் பார்க்கட்டும்.