ஆட்டிசம் உள்ளவர்களை எப்படிக் குறிப்பிடுவது? – கேள்வி பதில்

எனக்கு ஆட்டிசம் என்ற, வளர்ச்சி சார்ந்த நரம்பியல் வேறுபாடு இருப்பது வயது வந்த பிறகே கண்டறியப்பட்டது. இப்போது சிறப்பாசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். ஆட்டிசம் உள்ளவர்களைக் குறிப்பிடும் சொற்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி (ஒரு தாய்): என் மகனின் மருத்துவ அறிக்கையில் 'ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்டவர்' என்று இருக்கிறது. 'ஆட்டிஸ்டிக்' (autistic) என்ற ஆங்கிலச் சொல்லைச் சொல்லக் கூடாது என்கிறார் தெரபிஸ்ட். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலரோ அப்படித்தான் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். யாரைப் பின்பற்றுவது?

பதில்: அந்தப் பெரியவர்களைப் பின்பற்றுங்கள், உங்கள் மகன் நாளை அவர்களில் ஒருவர். பிரிட்டனில் 3,470 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் பெரும்பகுதியினர் 'ஆட்டிஸ்டிக்' என்ற சொல்லை ஏற்றார்கள்; தொழில்முறை வல்லுநர்களில் அதை ஏற்றவர்களின் விகிதம் கணிசமாகக் குறைவு. ஆனால் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களே 'ஆட்டிசம் உள்ளவர்' என்ற வகையான அமைப்பைத்தான் அதிகம் விரும்பினார்கள். எனவே ஒரு மொழியில் முடிவானது இன்னொரு மொழிக்கும் விதியாகிவிடாது. அறிக்கையில் இருக்கும் 'பாதிக்கப்பட்டவர்' என்ற சொல்லைத்தான் முதலில் விட வேண்டும்.

கேள்வி (சிறப்பாசிரியர்): எங்கள் பயிற்சியில் 'மனிதர் முதலில், குறைபாடு பிறகு' என்று கற்றுத் தந்தார்கள். அது தவறா?

பதில்: ஆங்கிலத்தில் 'autistic person' என்பதற்குப் பதில் 'person with autism' என்று மனிதரை முன்னால் வைத்துச் சொல்லும் முறை அது. அது நல்ல நோக்கத்தில் பிறந்தது. 1974இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தாங்களே கூடி, தங்களை முதலில் மனிதராகப் பாருங்கள் என்று கேட்டதிலிருந்து வளர்ந்த இயக்கம் அது. கேட்டவர்கள் அவர்களே என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. ஆட்டிசம் உள்ளவரான ஜிம் சின்க்ளேர் 1990களில் இதை மறுத்து எழுதினார். ஆட்டிசம் தன் சிந்தனையிலும் உணர்விலும் புலன்களிலும் கலந்திருப்பது, தன்னிடமிருந்து பிரித்து எடுக்கக் கூடியதல்ல, அதை ஒதுக்கி வைத்துச் சொல்வது அது வெட்கப்பட வேண்டியது என்ற பொருளையே தருகிறது என்பது அவருடைய வாதம்.

தமிழில் இந்த விவாதத்தின் ஒரு பாதி தானாகவே விழுந்துவிடுகிறது. நம் மொழியில் அடை எப்போதும் பெயருக்கு முன்னால்தான் வரும். 'ஆட்டிசம் உள்ள நபர்' என்றாலும் 'ஆட்டிச நபர்' என்றாலும் மனிதர் கடைசியில்தான் வருவார். 'உள்ளவர்' என்பதிலும் இழிவு இல்லை. திறமை உள்ளவர், அன்புள்ளவர் என்று நல்லவற்றுக்கும் அதையே சொல்கிறோம். ஆகவே 'ஆட்டிசம் உள்ளவர்' என்பதைப் பொதுவாகப் பயன்படுத்தலாம். ஒருவர் தன்னை 'ஆட்டிஸ்டிக்' என்று சொன்னால் அவரிடம் அந்தச் சொல்லையே பயன்படுத்த வேண்டும், திருத்தக் கூடாது.

கேள்வி (செய்தியாளர்): செய்தியில் எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: 'நோயாளி', 'அவதிப்படுபவர்', 'குணமானார்' ஆகியவற்றைத் தவிருங்கள்; ஆட்டிசம் வளர்ச்சி சார்ந்த நரம்பியல் வேறுபாடு, வந்து போகும் நோயன்று. 'சாதாரணக் குழந்தைகள்' என்பதற்குப் பதில் 'ஆட்டிசம் இல்லாத குழந்தைகள்' என்று எழுதினால் போதும்.

கேள்வி (ஒரு தம்பி): என் அக்காவுக்கு 24 வயது. உறவினர்கள் இன்னும் 'குழந்தை' என்கிறார்கள். அவர் எதிரிலேயே 'அது சாப்பிட்டதா?' என்று அம்மாவிடம் கேட்கிறார்கள்.

பதில்: என்னை மிகவும் வருத்துவது இதுதான். எந்தப் பெயர்ச்சொல் சரி என்று நாம் வாதிடும்போது, மரியாதையைச் சுமக்கும் விகுதிகளை மறந்துவிடுகிறோம். 'அவர்' என்று சொல்ல வேண்டிய வயதில் ஒருவரை 'அது' என்று சொன்னால், அவருக்குக் கருத்து இருக்கும், கூச்சம் இருக்கும், மறுக்கும் உரிமை இருக்கும் என்பதையெல்லாம் சேர்த்தே மறுத்துவிடுகிறோம். 'தெய்வக் குழந்தை' என்று உயர்த்துவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. அடுத்த முறை நீங்கள் பதில் சொல்லாமல், "அக்கா, உங்களைத்தான் கேட்கிறார்கள்" என்று அவர் பக்கம் திரும்புங்கள். அவர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் முழுவதும் காத்திருங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர்): எனக்கு 'ஆஸ்பெர்கர்' என்று கண்டறிந்தார்கள். அந்தப் பெயரை விட வேண்டுமா?

பதில்: 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு அதைத் தனி வகையாக வைப்பதை நிறுத்தி, ஆட்டிசத்துக்குள் சேர்த்தது. அந்தப் பெயருக்குரிய மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நாஜிக் காலத்து வியன்னாவில் குழந்தைகள் கொல்லப்பட்ட ஒரு நிலையத்துக்குக் குழந்தைகளைப் பரிந்துரைத்தார் என்பது 2018இல் ஆவணங்களுடன் வெளியானதால் பலர் அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். ஆனாலும் உங்களுக்கான பெயரைத் தீர்மானிப்பவர் நீங்கள்தான்.

கேள்வி (ஒரு தந்தை): சொல்லை மாற்றினால் என் மகளின் சிரமம் குறையுமா?

பதில்: சில சமயம் குறையும். 1950களிலும் 60களிலும் தாயின் பாசமின்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று சொல்லி, 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்ற பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பெயர் நிலைத்திருந்த காலம் முழுவதும் தாய்மார்கள் குற்றவாளிகளாக நின்றார்கள். குழந்தைகளுக்குத் தேவையான உதவி பின்னுக்குப் போனது.

உங்கள் மகளின் பள்ளிக் குறிப்பேட்டைப் பாருங்கள். காதைப் பொத்திக்கொண்டு அவள் தரையில் படுத்து அலறியதை 'அடம்' என்று எழுதினால் அடுத்து வருவது கண்டிப்பு. 'சத்தம் தாங்க முடியவில்லை' என்று எழுதினால் அடுத்து வருவது அமைதியான அறை. 'ஹை ஃபங்ஷனிங்' (செயல்திறன் அதிகம்), 'லோ ஃபங்ஷனிங்' (செயல்திறன் குறைவு) என்பவையும் அப்படித்தான்: முதலாமவருக்கு உதவியை மறுக்கவும், இரண்டாமவரின் திறனை மறுக்கவும் அவை பயன்படுகின்றன. அவற்றுக்குப் பதில் 'பேசுவார், ஆனால் கூட்டமான இடத்தில் துணை தேவை' என்று தேவையைச் சொல்லுங்கள். சிரமத்தை மறைக்க வேண்டாம். எது சிரமம் என்று துல்லியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி (ஒரு பாட்டி): என் பேரனுக்குப் பேச்சு வரவில்லை. அவன் விருப்பத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பேச்சு வராததால் புரியவில்லை என்று எண்ணிவிடாதீர்கள் அம்மா. படப் பலகை, எழுத்துப் பலகை, பேசும் செயலி ஆகியவற்றின் வழியாகப் பலர் தங்கள் எண்ணத்தைத் தெளிவாகச் சொல்கிறார்கள். அவனுடைய பலகையில் 'வேண்டும்' என்பதோடு 'வேண்டாம்' என்பதும், 'அப்படிச் சொல்லாதீர்கள்' என்பதும் இருக்கட்டும். அவனுக்கு ஆட்டிசம் இருக்கிறது என்பதையும் எளிய சொற்களில் அவனிடமே சொல்லுங்கள்.