அந்த ஒரு கட்டம் எங்கே போயிற்று?

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், இரண்டு பகடைகளை உருட்டும்போது ஒன்றிலாவது 6 விழுவதற்கான நிகழ்தகவு 1/6 + 1/6 = 1/3 என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அதை அடித்துவிட்டு 11/36 என்று திருத்தியிருக்கிறார். சேர்ப்பு (இது அல்லது அது நிகழ்வது) என்றால் கூட்டுவதுதானே? 1/36 ஏன் குறைகிறது?
– ஒரு வாசகி, தேனி

பதில்: உங்கள் மகள் கூட்டியதில் பிழையில்லை, கூட்டியபோது ஒரே விளைவை இருமுறை எண்ணிவிட்டதுதான் பிழை. ஒரு தாளில் 6 வரிசையும் 6 நிரலுமாக 36 கட்டங்களை வரையச் சொல்லுங்கள். முதல் பகடையில் 6 விழுவதைக் காட்டும் கடைசி வரிசையைச் சிவப்புப் பென்சிலாலும், இரண்டாவதில் 6 விழுவதைக் காட்டும் கடைசி நிரலை நீலப் பென்சிலாலும் தீட்டினால், வலப்பக்கக் கீழ் மூலையிலுள்ள (6, 6) என்ற கட்டத்தில் மட்டும் இரண்டு நிறங்களும் படிந்திருக்கும். நிறம் பட்ட கட்டங்களை அவளே விரல் வைத்து எண்ணட்டும். 12 வராது, 11தான் வரும்.

வீட்டில் 'காப்பியா, டீயா' என்று கேட்டால் இரண்டில் ஒன்றைத்தான் சொல்வோம். கணிதத்தின் 'அல்லது' அப்படிப்பட்டதன்று. இரண்டும் சேர்ந்து நிகழ்வதும் அதற்குள் அடக்கம். ஆகவே இரு நிகழ்ச்சிகளின் நிகழ்தகவுகளைக் கூட்டி, அவற்றின் வெட்டின், அதாவது இரண்டும் சேர்ந்து நிகழ்வதன், நிகழ்தகவை ஒருமுறை கழிக்க வேண்டும். இதுவே கூட்டல் தேற்றம். ஒன்றையொன்று விலக்கும் (சேர்ந்து நிகழவே முடியாத) நிகழ்ச்சிகளில் வெட்டு வெற்றுக்கணம், அதாவது அதில் எந்த விளைவும் இல்லை என்பதால் கழிக்க ஏதுமில்லை.

வெறுமனே கூட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பரமபதம் ஆடியவர்களே சாட்சி. ஆறு முறை உருட்டினால் 6 × 1/6 = 1, அதாவது 6 நிச்சயம் விழும் என்றாகிவிடும்; உண்மையில் ஆறு முறையும் 6 விழாமலே போவதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 16ஆம் நூற்றாண்டின் இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோவே, மூன்று முறை உருட்டினால் குறிப்பிட்ட ஒரு முகம் விழ வாய்ப்பு சரிபாதி என்று கணக்கிட்டிருக்கிறார். சரியான விடை 91/216. ஆகவே உங்கள் மகளைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

'ஒன்றிலாவது' என்று கேள்வி வந்தால், எதிலும் விழாததைக் கண்டு 1இலிருந்து கழிப்பது எனக்குப் பிடித்த வழி: 5/6 × 5/6 = 25/36, மீதி 11/36.

இங்கே பெருக்க முடிந்ததற்குக் காரணம், இரு பகடைகளும் ஒன்றையொன்று சாராதவை என்பதுதான். மாணவர்கள் பலர் வெட்டைக் காண எப்போதும் பெருக்கிவிடுகிறார்கள் என்பதே என் கவலை. ஒரே பகடையில் இரட்டை எண் அல்லது 3ஐ விடப் பெரிய எண் விழுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நிகழ்தகவு 1/2 என்பதால் வெட்டு 1/4 என்று பெருக்கிவிடத் தோன்றும். ஆனால் இரண்டிலும் இருப்பவை 4, 6 என்பதால் அது 1/3. எனவே சேர்ப்பின் நிகழ்தகவு 1/2 + 1/2 – 1/3 = 2/3. பகடையைக் கையில் எடுத்தே சரிபார்க்கலாம்: 2, 4, 5, 6 ஆகிய நான்கு முகங்கள், ஆறில் நான்கு.