முதலில் ஓட்டையை அளந்து பாருங்கள்: மலைச் சைக்கிள் பிரேம் கேள்வி-பதில்

மழைக்காலத்தில் பட்டறைக்கு வரும் கேள்விகள் எல்லாம் பிரேக் கத்துவதையும் செயின் துருப்பிடித்ததையும் பற்றித்தான் இருக்கும். வெயில் தலைகாட்டியதும் பேச்சு மாறிவிடும்: "நானே ஒரு சைக்கிள் அசெம்பிள் பண்ணப்போகிறேன், எந்த பிரேம் வாங்கட்டும்?" இந்த முறை வந்தவற்றில் ஆறு இங்கே.

அலுமினியமா, ஸ்டீலா, கார்பனா? பின்பக்கமும் சஸ்பென்ஷன் வேண்டுமா? (கூடலூர்)

முதல் சைக்கிள் என்றால் அலுமினியம், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன். உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை அடிக்கிற அடியில், பின் சஸ்பென்ஷனின் ஒவ்வொரு மூட்டிலும் இருக்கும் பேரிங்குக்குள் சேறு போய்விடும். வருடா வருடம் கழற்றி மாற்றும் பொறுமை இருந்தால் வாங்குங்கள்.

குரோமியம், மாலிப்டினம் கலந்த குரோமோலி ஸ்டீல் எனக்குப் பிடித்தது. எடை அரைக் கிலோவுக்கு மேல் கூடும்தான். ஆனால் விரிசல் விட்டால் தெரிந்த கை ஒன்று பற்றவைத்துத் தந்துவிடும். அலுமினிய பிரேமைத் தொழிற்சாலையில் வெல்டிங் செய்தபின் சூட்டில் வைத்து மறுபடி பலப்படுத்துவார்கள். உள்ளூரில் வெல்டிங் வைத்தால் அந்தப் பலம் அந்த இடத்தில் போய்விடும். ஸ்டீல் வாங்கினால் மழைக்கு முன் குழாய்களின் உள்பக்கம் எண்ணெய் விட்டுச் சுழற்றி வையுங்கள். துரு உள்ளேயிருந்துதான் தின்னும்.

அண்ணே, பழைய சைக்கிளின் வீல், ஃபோர்க், சீட் போஸ்ட் எல்லாம் நன்றாக இருக்கின்றன. பிரேம் மட்டும் புதிதாக வாங்கினால் போதுமா? (அருவங்காடு)

தம்பி, எல்லாரும் எடை பார்த்து பிரேம் வாங்குகிறார்கள். நான் ஓட்டை பார்த்துத்தான் வாங்குவேன். பிரேம் என்பதே நாலைந்து ஓட்டைகளைக் குழாய் வைத்து இணைத்ததுதானே. ஒரு வெர்னியர் காலிப்பர் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் பின் வீல். பழையது என்றால் அதன் நடுக்குடமான ஹப்பின் அகலம் பெரும்பாலும் 135 மி.மீ., அச்சு நெம்பித் திறக்கும் குவிக் ரிலீஸ். இப்போது வரும் பிரேம்கள் அநேகமாக 148, அதில் ஹப்புக்குள் ஊடுருவிப் போகும் 12 மி.மீ. தடிமனான 'த்ரூ ஆக்ஸில்' அச்சு. நடுவில் 142 என்று ஒன்று உண்டு. அது உண்மையில் 135-ஏதான். பிரேமின் பள்ளத்தில் உட்கார இரண்டு பக்கமும் 3.5 மி.மீ. கூடுதல், அவ்வளவே. உங்கள் ஹப்புக்கு மாற்று மூடிகள் கிடைத்தால் அந்த வீலையே போட்டுக்கொள்ளலாம். 148-இல் பிரேக் டிஸ்க்கும் கேசட்டும் (பின் பல்சக்கரக் கொத்து) ஆளுக்கு 3 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். அதற்கும் அடாப்டர் விற்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பழைய வீலை விற்றுவிடலாம்.

அப்புறம் முன் வீலைப் பிடிக்கும் ஃபோர்க். அதன் தண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனா (28.6 மி.மீ.), இல்லை கீழே பருத்திருக்கிறதா என்று பாருங்கள். நேர்த்தண்டை, கீழே அகலமான புது பிரேமில் ஒரு ரிடியூசர் வளையம் வைத்து மாட்டிவிடலாம். பருத்த தண்டு பழைய 34 மி.மீ. ஹெட் டியூபுக்குள் (ஃபோர்க் தண்டு நுழையும் முன்குழாய்) போகவே போகாது. 44 மி.மீ. நேர் ஹெட் டியூப் இருந்தால் யோகம்: கீழ்ப் பேரிங் கப்பை மட்டும் வெளியே துருத்தும் வகையாகப் போட்டால் இரண்டு ஃபோர்க்கும் ஏறும். சீட் போஸ்ட்டுக்கும் இதே கணக்குதான். 27.2 போஸ்ட்டை 30.9 குழாயில் ஷிம் என்ற மெல்லிய உறை வைத்து ஒப்பேற்றலாம், மாற்றிச் செய்ய முடியாது.

கடைசியாகப் பெடல் கிராங்க் உட்காரும் பாட்டம் பிராக்கெட். மரை போட்டதையே வாங்குங்கள். அந்த மரைக்கு பிஎஸ்ஏ என்று பெயர். நம் அப்பாக்கள் ஓட்டிய சைக்கிளில் ஒட்டியிருந்த அதே பர்மிங்காம் கம்பெனிப் பெயர்தான். அழுத்திச் சொருகும் பிரஸ்ஃபிட் வகையில் அளவு துளி பிசகினாலும், சேறு பட்ட இரண்டாம் மாதமே கட்டில் மாதிரி கிறீச்சிடும். மரை வகையைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: செயின் பக்கத்துக் கப்புக்குத் தலைகீழ் மரை. பலம் போட்டு அந்தக் கப்பையே சிதைத்துக்கொண்டு வந்தவர்கள் நிறைய.

எல்லா உதிரியும் பழையதே வேண்டும் என்றால் 142-உம் 44-உம் உள்ள பிரேமாகத் தேடுங்கள். பெரும்பாலும் பழைய பிரேம்களில்தான் கிடைக்கும்.

என் உயரம் 5 அடி 6 அங்குலம். மீடியமா, ஸ்மாலா? (கோத்தகிரி)

எழுத்தை விடுங்கள். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொன்றின் ஸ்மால். அட்டவணையில் 'ரீச்' என்ற எண்ணைப் பாருங்கள்: பாட்டம் பிராக்கெட்டுக்கு நேர் மேலிருந்து ஹெட் டியூப் உச்சிவரை உள்ள கிடைமட்டத் தூரம். உங்கள் உயரத்துக்கு 420 முதல் 445 மி.மீ. வரை சரியாக இருக்கும்.

அதைவிட நம் ஊருக்கு முக்கியம், சீட் போஸ்ட் நுழையும் சீட் டியூபின் கோணம். கல்லாறு, குன்னூர் இடையே ரயிலே 12-க்கு 1 ஏற்றத்துக்குப் பல்சக்கரம் பிடித்துத்தான் ஏறுகிறது. நம் எஸ்டேட் குறுக்குப் பாதைகள் பல அதைவிடச் செங்குத்து, நமக்குப் பல்லும் கிடையாது. பழைய பிரேம்களின் 73 டிகிரியில் உட்கார்ந்து ஏறினால் உடல் பின்னால் சரிந்து முன் வீல் குதிரை மாதிரி தூக்கும். 75, 76 இருந்தால் எடை முன்னால் வரும், முழங்காலும் வாழ்த்தும்.

100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க்குக்கான பிரேமில் 140 போடலாமா? (மேட்டுப்பாளையம்)

வேண்டாம். 20 மி.மீ. உயர்ந்தால் ஹெட் டியூப் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும். 40 என்றால் இரண்டு. சீட்டும் பின்னால் சாய்வதால், மேலே சொன்ன குதிரை வேலை இன்னும் கூடும். நீளமான ஃபோர்க் ஹெட் டியூப் வெல்டிங்கை நெம்புகோல் போல நெம்பவும் செய்யும். தயாரிப்பாளர் 120 வரை சம்மதித்திருந்தால் அதோடு நிறுத்துங்கள்.

செகண்ட் ஹேண்ட் பிரேமில் எதைப் பார்க்க வேண்டும்? (உதகை)

ஸ்டிக்கரை. சிரிக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் வெளியூரில் ஓர் அலுமினிய பிரேம் மலிவாகக் கிடைத்தது. மாலை வெளிச்சத்தில் பார்த்து, பணம் கொடுத்து, பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்தேன். ஆறு வாரம் கழித்து, நின்று மிதித்தால் 'டிக், டிக்' என்று சத்தம். ஹெட் டியூப் பேரிங்குகளான ஹெட்செட்டைக் கழற்றி மூன்று முறை கிரீஸ் வைத்தேன். சத்தம் போகவில்லை. ஒருநாள் கழுவும்போது, ஹெட் டியூபுக்குக் கீழே கீழ்க்குழாய் சேரும் இடத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் குறுக்கே மெல்லச் சுருங்கியிருந்தது. உரித்தால் அடியில் வெல்டிங்கை ஒட்டிப் பாதிக் குழாயைச் சுற்றி மயிரிழை விரிசல். நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது.

ஆகவே பகலில் பாருங்கள். வெல்டிங் ஓரங்களை ஈரத்துணியால் துடைத்து, நகத்தால் தடவுங்கள். சீட் போஸ்ட்டை உங்கள் கண்முன் கழற்றச் சொல்லுங்கள். வராவிட்டால் உள்ளே இறுகிவிட்டது என்று அர்த்தம், விட்டுவிட்டு வாருங்கள். கார்பன் என்றால் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் மட்டும் மந்தமானால் அங்கே சந்தேகம்.

என்ன கலர் வாங்கலாம்? (குன்னூர்)

விளையாட்டாகக் கேட்டிருக்கலாம், நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு மணிக்கே மேகம் இறங்கிவிடும் ஊரில், கொண்டை ஊசி வளைவில் திரும்பும் பஸ் டிரைவருக்கு உங்கள் மேட் கருப்பு தெரியாது. ஆரஞ்சு கிடைத்தால் ஆரஞ்சு. கருப்பேதான் வேண்டுமென்றால் சீட்டுக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு மாட்டிக்கொள்ளுங்கள், சார்ஜ் போடவும் மறக்காதீர்கள்.