பழைய புத்தகம்: கேள்விகளும் அச்சுக்காரர் பதில்களும்

(கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ட்ரெடில் அச்சகம் நடத்தியவர். கல்யாணப் பத்திரிகை, மாங்கூழ் ஆலை பில் புக், தேர்தல் நோட்டீஸ் என்று அடித்துக்கொண்டே வீடு கொள்ளாமல் பழைய புத்தகம் சேர்த்தவர். வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் அவர் பதில் சொல்கிறார்.)

எல்லாம் போனிலேயே படிக்கக் கிடைக்கிறதே. தூசி படிந்த பழைய புத்தகத்தை வாங்குவதில் அப்படி என்ன சுகம், ஐயா?
– கல்லூரி மாணவி, பர்கூர்

விலைதான் முதல் சுகம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை அம்மா. 450 ரூபாய் புத்தகம் என்றால் ஏற்கெனவே பேர் கேட்ட ஆளாகப் பார்த்துத்தான் வாங்குவேன். 20 ரூபாய் என்றால் யார் எழுதியிருந்தாலும் எடுத்துவிடுவேன். எனக்குத் தேனீ வளர்ப்பு தெரிந்தது அப்படித்தான். ஜமாபந்தியில் என்ன நடக்கும், மாங்கன்றுக்கு ஒட்டு எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் தெரிந்ததும் அப்படித்தான். இதில் ஒன்றையாவது முழு விலை கொடுத்து வாங்கியிருப்பேனா? மாட்டேன்.

மாஸ்கோவில் தமிழில் அச்சாகி வந்த புத்தகங்களை உங்கள் வயதுக்காரர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் என்று பெயர் போட்டிருக்கும். புதிதாக வந்தபோதே அவை மலிவு. 1991-இல் சோவியத் யூனியன் கலைந்ததும் வரத்து நின்றுவிட்டது. என்னிடம் இருக்கும் மீர் பௌதிகப் புத்தகம் ஒன்று எத்தனையோ கை மாறி வந்தது. இன்னும் தையல் விடவில்லை. உள்ளே இருக்கிற பாடம் பாதிதான் எனக்குப் புரிந்தது. அந்தத் தையலுக்காகவே அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன்.

போனைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் தேட ஒரு பேராவது தெரிந்திருக்க வேண்டும். குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவனுக்கு அதுகூட வேண்டாம்.

பதிப்பு ஆண்டு போட்ட பக்கம் கிழிந்துபோன புத்தகங்கள் சில என்னிடம் உள்ளன. வயதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
– ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், காரிமங்கலம்

எனக்கு மிகவும் பிடித்த வேலையைக் கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

விலையிலிருந்து தொடங்குங்கள். ரூ. 1-8-0 என்று மூன்று எண்ணாக இருந்தால் அணாக் கணக்கு. ஒரு ரூபாய் எட்டணா. 1957 ஏப்ரல் 1-இல் நூறு காசுக் கணக்கு வந்தது, ஆகவே புத்தகம் அநேகமாக அதற்கு முந்தியது. 'ந.பை.' என்று இருந்தால் நயா பைசா. 1964-இல் 'நயா' போய் வெறும் பைசா ஆனது. ஆக, ந.பை. போட்ட புத்தகத்துக்கு ஏழு வருஷ இடைவெளிக்குள் வயது சொல்லிவிடலாம்.

அடுத்தது முகவரி. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு அச்சானது, சந்தேகமே வேண்டாம். 'சென்னை-17' என்று பழைய வட்டார எண்ணோடு நின்றிருந்தால் மட்டும் அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். பழக்கதோஷத்தில் ரொம்ப காலம் அப்படியே போட்டார்கள். 'சென்னை ராஜ்யம்' என்று எங்காவது கண்ணில் பட்டால் 1969-க்கு முந்தியது. தமிழ்நாடு என்ற பெயர் அந்த ஆண்டு ஜனவரியில்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது.

பிறகு எழுத்து. லை, னை, ணை, ளை எல்லாம் எழுத்தோடு ஒட்டிய யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு போட்டுக்கொண்டு வருகிறதா? றா, னா, ணா தனித்தனிக் காலில்லாமல் சுழிந்து கிடக்கிறதா? 1978 அக்டோபரில் அரசாணை போட்டு அந்த வடிவங்களை மாற்றினார்கள். இதில் இரண்டு பொறி உண்டு. பெரியார் 1935-லேயே தம் 'குடிஅரசு' இதழில் புது எழுத்துக்கு மாறிவிட்டார். சுயமரியாதை இயக்க வெளியீட்டில் எழுத்து புதிதாக இருக்கிறதே என்று வயதைக் குறைத்துவிடாதீர்கள். அடுத்தது எங்களைப் போன்ற ஆட்கள். அரசாணை வந்துவிட்டது என்பதற்காக ஈய எழுத்தைத் தூக்கிப் போட முடியுமா? புது எழுத்து வாங்கப் பணம் சேரும்வரை தும்பிக்கையோடுதான் அடித்தோம். 1980-களில் வந்த கல்யாணப் பத்திரிகையிலும் அதைப் பார்க்கலாம்.

தாளின் பின்பக்கத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். எழுத்து லேசாகப் புடைத்துத் தட்டுப்பட்டால் ஈய எழுத்தில் அடித்தது. வழுவழுவென்று இருந்தால் ஆஃப்செட்டாக இருக்கலாம்.

ரப்பர் ஸ்டாம்பில் நம் பக்கத்துக்கென்றே ஒரு வசதி இருக்கிறது. 'கிருஷ்ணகிரி, சேலம் ஜில்லா' என்று முத்திரை குத்தியிருந்தால் 1965-க்கு முன்னால் அந்தப் புத்தகம் இங்கே வந்துவிட்டது. தருமபுரி தனி மாவட்டமானது அந்த ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி. 'கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டம்' என்றால் அதற்குப் பிறகு, 2004 பிப்ரவரிக்குள். அச்சான ஆண்டு வேறு, நம்மூர் அலமாரியில் ஏறிய ஆண்டு வேறு. எனக்கு இரண்டாவதைக் கண்டுபிடிப்பதில்தான் ருசி அதிகம். ஒரு பயணக் கட்டுரைப் புத்தகத்துக்குள் அன்னை சத்யா போக்குவரத்துக் கழக பஸ் டிக்கெட் கிடந்தது. தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு ஓடிய கழகம் அது. 1997-இல் எல்லாக் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆக, யாரோ ஒருவர் அதற்கு முன் நம் ஊர் பஸ்ஸில் உட்கார்ந்து ஐரோப்பா சுற்றியிருக்கிறார். டிக்கெட் 112-ஆம் பக்கத்தில் இருந்தது. ரோம் வரைக்கும் போயிருக்கிறார். மேலே போனாரா என்று தெரியவில்லை.

வாங்கிவந்து பார்த்தால் நடுவில் பக்கங்கள் இல்லை. கடையிலேயே கண்டுபிடிப்பது எப்படி?
– வாசகர், ஊத்தங்கரை

பாரம் பாருங்கள். ஒரு தாளில் இந்தப் பக்கம் 8, அந்தப் பக்கம் 8 என்று அடித்து மடித்தால் 16 பக்கம். அதுதான் ஒரு பாரம். காணாமல் போனால் பெரும்பாலும் பாரம் பாரமாகத்தான் போகும், பைண்டிங்கில் விட்டுப்போவதும் அப்படித்தான். எல்லாவற்றையும் புரட்ட வேண்டாம். 17, 33, 49, 65 என்று 16 கூட்டிக்கொண்டே போய் அந்தப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். பழைய புத்தகங்களில் பாரத்தின் முதல் பக்கத்து அடியில் பொடி எழுத்தில் பார எண்ணே இருக்கும்.

துப்பறியும் நாவலுக்கு இந்தக் கணக்கு உதவாது. அதில் கடைசி நாலு பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என்னிடம் கொலைகாரன் பிடிபடாத நாவல்கள் பல இருக்கின்றன.

நம் மாவட்டங்களில் பழைய புத்தகம் எங்கே கிடைக்கும்?
– பள்ளி ஆசிரியர், பென்னாகரம்

அதற்கென்றே தெரு நம் பக்கம் இல்லை. பழைய பேப்பர் கடைகள்தான் நம் சுரங்கம். ஏப்ரல், மே மாதங்களில் போங்கள். பரீட்சை முடிந்து வீட்டை ஒழிக்கிறவர்கள் பாடப்புத்தகத்தோடு தாத்தாவின் புத்தகத்தையும் எடைக்குப் போட்டுவிடுவார்கள். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: கிலோவுக்கு அவர் கொடுத்த விலையைவிட ரெட்டிப்பாகத் தருகிறேன், கட்டைப் பிரிக்காமல் வையுங்கள் என்று. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய இரும்பு விரிப்பவர்களிடமும் எப்போதாவது அகப்படும். தருமபுரி புத்தகத் திருவிழாவில் வழக்கமான பத்து சதவீதக் கழிவைத் தாண்டி, கடைசி நாட்களில் தேங்கிய சரக்கைச் சில பதிப்பகத்தார் இன்னும் இறக்கித் தருவார்கள். கேட்டால்தான் தருவார்கள்.

வெளியூர் என்றால் ஓசூர்க்காரர்களுக்கும் எங்களுக்கும் சென்னையைவிட பெங்களூர் பக்கம். கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கினால் எதிரே அவென்யூ ரோடு. பாடப்புத்தகம், போட்டித் தேர்வுப் புத்தகம் குவிந்து கிடக்கும். ஆங்கில நாவல் வேண்டுமானால் சர்ச் ஸ்ட்ரீட். தமிழுக்குச் சென்னைதான் போக வேண்டும். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. அங்கிருந்த கடைக்காரர்களுக்கு சென்ட்ரல் பக்கத்திலேயே லில்லி பாண்ட் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை, மயிலாப்பூர் லஸ் பக்கமும் ஒரு நடை போகலாம். எங்கள் ஊரில் ரயில் கிடையாது. மூட்டையோடு மொரப்பூரில் இறங்கி, பஸ் கண்டக்டரிடம் லக்கேஜுக்கு வாதாடிக்கொண்டுதான் வர வேண்டும். அந்த வாதத்தில் நான் ஜெயித்ததில்லை.

பேரம் பேச வரவில்லை. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருகிறேன்.
– வாசகி, தருமபுரி நான்கு ரோடு

வேண்டிய புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முகம் மலர்ந்தால் விலை ஏறத்தான் செய்யும். ஐந்தாறு புத்தகத்துக்கு நடுவே அதை வைத்து, "மொத்தமா என்ன தர்றது அண்ணா?" என்று கேளுங்கள். வேண்டாத இரண்டைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். அவ்வளவுதான் வித்தை. ஆனால் வெயிலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவரிடம் 10 ரூபாய்க்காக நிற்காதீர்கள். என் பேரமெல்லாம் ஃபேன் ஓடுகிற கடையில்தான்.

என் வீட்டுக்காரர் மூட்டை மூட்டையாகப் பழைய புத்தகம் கொண்டுவருகிறார். வீடெல்லாம் பூச்சி. என்ன செய்வது?
– குடும்பத் தலைவி, ஓசூர்

இதே புகார் என் வீட்டிலும் உண்டு அம்மா. வெள்ளியாக மினுங்கி ஓடுமே, அது ராமபாணப் பூச்சி. பசையும் ஈரமும் இருந்தால் அதற்கு விருந்து. புதிதாக வந்த மூட்டையை அலமாரியில் சேர்க்கவே விடாதீர்கள். ஒரு மாதம் தனியாக வைக்கச் சொல்லுங்கள். பூச்சி அரித்த புத்தகத்தைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைக்கலாம். எடுத்தவுடன் பிரிக்கக்கூடாது, ஒரு நாள் வெளியே கிடந்து குளிர் போன பிறகுதான் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். கொளுத்தும் வெயிலில் காயப்போடுவதும் ஆகாது, தாள் அப்பளமாகிவிடும். நிழலில் காற்றாட விரித்து வையுங்கள். அலமாரிக்குள் வசம்புத் துண்டு, அந்துருண்டை போடலாம்.

கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டுகிறாரா? அதைப் பிடுங்கி ஒளித்து வையுங்கள். சில வருஷத்தில் மஞ்சளாகிப் பிசின் மட்டும் நிற்கும், எழுத்தையும் கெடுக்கும். பைண்டர்கள் மைதாப் பசையில் துளி மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி வராது. அது விஷம், குழந்தைகள் இருக்கிற வீட்டில் நீங்கள் செய்ய வேண்டாம், பைண்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

பழைய புத்தகம் வாங்கினால் எழுதியவருக்கு ஒரு காசும் போகாதே. இது நியாயமா?
– இளம் கவிஞர், அரூர்

சட்டப்படி குற்றமில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் படியெடுப்பதைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே விற்று வெளியே வந்த பிரதியை மறுபடி விற்கலாம். நியாயமா என்றால், அந்தப் பிரதிக்கு உரிய காசு முதல் தடவை விற்றபோதே போயிருக்க வேண்டும். போயிற்றா என்பதைப் பதிப்பகத்தாரிடம்தான் கேட்க வேண்டும். 20 ரூபாய்க்கு ஒருவரைப் படித்துப் பிடித்துப்போய், அவருடைய மற்றதையெல்லாம் முழு விலைக்கு வாங்கியிருக்கிறேன். உயிரோடு இருக்கிற கவிஞர்களுடையதைப் புதிதாகவே வாங்குவது என் வழக்கம். உங்களுடையது வந்ததும் எழுதுங்கள்.

நடைபாதையில் புத்தம் புதிதாக, அட்டைப் படம் மங்கலாக, மெல்லிய தாளில் ஆங்கில நாவல் அடுக்கியிருப்பார்களே, அது பழைய புத்தகமே இல்லை. திருட்டு அச்சு. அதைத் தொடாதீர்கள்.

நூலக முத்திரையோடு ஒரு புத்தகம் கிடைத்தது. வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், பாலக்கோடு

நீக்கம் செய்ததாக முத்திரையோ கையெழுத்தோ இருந்தால் தாராளமாக. இல்லையென்றால் அந்த நூலகத்திலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். அபராதம் கேட்டால் நூலகத்திலிருந்து எடுத்துப்போனவர் நீங்களில்லை என்று சொல்லிவிடுங்கள்.

சென்னைக் கடைக்காரர் கூரியருக்குப் புத்தக விலையைவிட அதிகம் கேட்கிறார்.
– வாசகர், அஞ்செட்டி

'ஞான் போஸ்ட்' என்று கேட்கச் சொல்லுங்கள். அஞ்சல் துறை 2025 மே 1 முதல் புத்தகங்களுக்கென்று தொடங்கியது. தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. நிதானமாகத்தான் வரும்.

அப்பா காலமாகிவிட்டார். இரண்டு பீரோ நிறையத் தமிழ்ப் புத்தகங்கள். எங்கள் யாருக்கும் படிக்கிற பழக்கமில்லை. எடைக்குப் போடலாமா?
– வாசகர், இலக்கியம்பட்டி

போடாதீர்கள். முதலில் பெயர், ஆசிரியர், ஆண்டு என்று ஒரு நோட்டில் பட்டியல் எழுதுங்கள். நாள் பிடிக்கும், பரவாயில்லை. 1950-க்கு முந்தியவை, கைக்கு அடக்கமான சிற்றிதழ்கள், வார இதழ்த் தொடர்கதையைப் பிரித்துத் தைத்த பைண்டு, அச்சடித்த பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ் இவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். அற்பமாகத் தெரிகிற நோட்டீஸ்தான் வேறெங்கும் கிடைக்காது. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் வீட்டில் சேர்த்த புத்தகங்களைக் கொண்டு 1994-இல் தொடங்கியது; பட்டியலை அவர்களுக்கு அனுப்பிக் கேளுங்கள். நல்ல நிலையில் உள்ள நாவல், வரலாறு எல்லாம் பக்கத்துக் கிளை நூலகத்துக்கோ பள்ளிக்கோ கொடுக்கலாம்; கொடுக்கும் முன் அவர்களுக்கு இடமிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கைடு, டைரி, பஞ்சாங்கம் மட்டும் எடைக்குப் போகட்டும். பஞ்சாங்கத்திலும் அப்பா ஓரத்தில் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு.

மிச்சம் என்ன இருக்கிறது என்று இதழ் முகவரிக்கு எழுதுங்கள். பஸ் பிடித்து நானே வந்து பார்க்கிறேன். கோணிப்பை என்னிடம் இருக்கிறது.