ரூல்ஸ் அப்புறம், முதலில் பாட்டு

கேள்வி: தென்கொரியாவின் பூசானுக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஆபீசில் பேஸ்பால் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். எனக்குக் கிரிக்கெட் தவிர ஒன்றும் தெரியாது. சைவம் வேறு, குடிப்பதும் இல்லை. சாக்குச் சொல்லி நழுவிக்கொண்டே இருக்கிறேன். இப்படியே இருந்துவிடலாமா?
- வாசகர், பூசான்

பதில்: கூடாது தம்பி. பூசானில் குடியிருந்துகொண்டு சாஜிக் பேஸ்பால் மைதானத்தை எட்டிப் பார்க்காமல் இருப்பது என்ன நியாயம்?

ரூல்ஸ் படித்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். முதல் பேஸ் (பேட்டர் அடித்துவிட்டு முதலில் ஓடித் தொட வேண்டிய இடம்) பக்கம், உங்கள் ஊர் அணியான லோட்டே ஜயன்ட்ஸ் ரசிகர்கள் உட்காரும் இடத்தில் டிக்கெட் போடச் சொல்லுங்கள். அங்கே ஒருவர் மேடையில் விசிலோடு, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அவர்தான் உங்கள் வாத்தியார். ஒவ்வொரு பேட்டருக்கும் தனிப் பாட்டு உண்டு. அவர் கை போகிற பக்கம் உங்கள் கையும் போனால் போதும். எதிரணி பேட் செய்ய வந்ததும் உட்கார்ந்து சாப்பிடலாம்.

எதிரணி பிட்சர், அதாவது நம் பவுலர் மாதிரி பந்து எறிபவர், பேஸில் நிற்கும் நம் ஆளை அவுட்டாக்கப் பந்தை அங்கே திருப்பி எறிந்தால் கூட்டம் மொத்தமும் 'மா!' என்று அதட்டும். 'வாம்மா'வில் வரும் மா இல்லை, நம் 'டேய்!' மாதிரி. பந்து கேலரிக்கு வந்து பெரியவர் யாராவது பிடித்தால் 'ஆஜுரா' என்று கத்துவார்கள். குழந்தைக்குக் கொடு என்று அர்த்தம், பூசான் வழக்கு. நான் போயிருந்த அன்று டை கட்டிய ஒருவர் பந்தைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார். சத்தம் தாங்காமல், இரண்டு வரிசை தள்ளி இருந்த ஒரு சிறுமியிடம் நீட்டிவிட்டுத் திரும்பியபோது மனிதருக்குக் காதெல்லாம் சிவந்திருந்தது.

சாப்பாடு வெளியிலிருந்து கொண்டுபோகலாம். சுற்றிலும் பொரித்த கோழியும் பியருமாக மணக்கும், அது அவர்கள் பாடு. கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டித் தரும் கிம்பாப்பைச் சைவம் என்று நம்பிவிடாதீர்கள், பெரும்பாலும் உள்ளே ஹாம், அதாவது பன்றி இறைச்சி இருக்கும். எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொள்ளுங்கள், பக்கத்து சீட்டுக்கும் சேர்த்து. பியர் ஊற்ற வந்தால் குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டுக் கோலா கேளுங்கள். மூத்தவர் ஊற்றும்போது கப்பை இரண்டு கையாலும் பிடியுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். லோட்டே கடைசியாகக் கோப்பை வென்றது 1992-இல். தோற்றால் ஆறுதல் சொல்லப் போகாதீர்கள், புண்ணில் கை வைத்த மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதிலாக, வெளியே நிற்கும் ச்வே தோங்வொன் சிலையைக் காட்டி, யார் இவர் என்று ஆபீஸ் மூத்தவரிடம் கேளுங்கள். 1984 இறுதித் தொடரில் லோட்டேயின் 4 வெற்றிகளையும் தன் கணக்கில் எழுதிக்கொண்ட பிட்சர். அவர் கதையைச் சொல்லி முடிக்கவே இரண்டு இன்னிங்ஸ் ஆகும்.

வழக்கமாகத் திங்கட்கிழமை ஆட்டம் கிடையாது. மற்ற வேலை நாட்களில் மாலை 6.30. ஆபீஸ் பையோடே போய்விடலாம்.