இசைக்கருவி எதுவும் வாசிக்கத் தெரியாது. கணினியில் டிரம் பீட் செய்ய எங்கிருந்து தொடங்கலாம்? எந்த மென்பொருள் நல்லது?

வாசிக்கத் தெரியாதது ஒரு குறையே இல்லை. காலால் தாளம் தட்டத் தெரிந்தால் போதும்.

மென்பொருளுக்காக ரொம்ப யோசிக்காதீர்கள். டிரம் மட்டும்தான் என்றால் ஹைட்ரஜன். முழுப் பாட்டும் செய்யும் ஆசை இருந்தால் எல்எம்எம்எஸ். இரண்டும் இலவசம். மேக் வைத்திருப்பவருக்கு கராஜ்பேண்ட் இருக்கிறது. எஃப்எல் ஸ்டுடியோ அருமையானது, ஆனால் அதன் இலவசப் பதிப்பில் சேமித்து மூடிய புராஜெக்டை, காசு கட்டாமல் மறுபடி திறக்க முடியாது.

கராஜ்பேண்ட் தவிர மற்ற எதைத் திறந்தாலும் 16 கட்டங்கள் கொண்ட ஒரு வரிசை இருக்கும். அதுதான் ஒரு பார், அதாவது தாளத்தின் ஒரு சுற்று. ‘தகதிமி’ என்று நான்கு தடவை சொல்லிப் பாருங்கள், கட்டத்துக்கு ஓர் எழுத்து. வேகத்தை 90 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 90 தட்டு) வையுங்கள். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) 1, 9 கட்டங்களில். ஸ்னேர் (குச்சியால் அடிக்கும், கூர்மையாக ஒலிக்கும் சின்ன டிரம்) 5, 13-இல். ஹை-ஹாட் (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு உலோகத் தட்டுகள்) எல்லா ஒற்றைப்படைக் கட்டங்களிலும். பிளே அழுத்தினால் பீட் ஓடும். 11-இல் இன்னொரு கிக் வைத்தால் தலை தானாக ஆடும்.

ஆனாலும் மெஷின் வாசிப்பது போலத்தான் இருக்கும். இந்த இடத்தில்தான் பலர் புது ஸாம்பிள் (பதிவு செய்த டிரம் ஒலி) தேடிக் கிளம்பி ஹார்ட் டிஸ்க்கை நிரப்புகிறார்கள். கோளாறு ஸாம்பிளில் இல்லை, எல்லா அடியும் ஒரே பலத்தில் விழுவதில் இருக்கிறது. அடியின் பலத்தைக் குறிக்கும் வெலாசிட்டி என்ற அளவு பொதுவாக 1 முதல் 127 வரை போகும். 1, 5, 9, 13-இல் விழும் ஹை-ஹாட்டை 100-இல் விட்டுவிட்டு, இடையில் வருபவற்றை 60-க்கு இறக்குங்கள். பிறகு 8, 10 கட்டங்களில் ஸ்னேரை வெறும் 30-இல் வையுங்கள். தனியாகக் காதில் விழாது. எடுத்துவிட்டால் மட்டும் ஏதோ குறைவது தெரியும்.

அடுத்தது ஸ்விங். இரட்டைப்படைக் கட்டங்களைக் கொஞ்சம் தாமதமாக விழவைப்பதுதான் இதன் வேலை. 1980-இல் வந்த லின் எல்எம்-1 டிரம் மெஷினிலேயே இது இருந்தது. ஒற்றைப்படையில் மட்டும் அடி இருந்தால் எவ்வளவு திருகினாலும் ஒரு மாற்றமும் கேட்காது. 8, 10-இல் வைத்த அந்த மெல்லிய ஸ்னேர்கள்தான் இப்போது நகரும். 50 என்று தொடங்கும் அளவுகோலாக இருந்தால் 54 முதல் 58 வரை போதும். 66-ஐ நெருங்கினால் மூன்று மூன்றாக எண்ணும் மும்மை நடைக்கே போய்விடும்.

15-ஆம் கட்டத்தில் மூடிய ஹை-ஹாட்டை எடுத்துவிட்டுத் திறந்ததை வைத்தால், அடுத்த பாரின் முதல் அடி அதை அறுக்க வேண்டும். நிஜ டிரம்மில் கால் பெடல் செய்கிற வேலை அது. அறுபடாமல் இழுத்தால் ஒன்று ஒலித்ததும் மற்றது நிற்கும்படி இரண்டு ஒலிகளையும் ஒரே மியூட் குரூப்பில் போடுங்கள்.

கீபோர்டில் தட்டிப் பதிவு செய்யும்போது ஒலி தாமதமாக வந்தால் ஆடியோ செட்டிங்கில் பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 128-க்கோ 256-க்கோ குறையுங்கள். விண்டோஸில் இந்தத் தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவர் தேவைப்படலாம்.

இவ்வளவும் கைக்கு வந்ததும், பிடித்த பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு அதன் பீட்டைக் கட்டத்தில் நிரப்பிப் பாருங்கள். முதலில் ஸ்னேரைப் பிடியுங்கள், பெரும்பாலும் 5-இலும் 13-இலும் உட்கார்ந்திருக்கும். கிக்கைக் கடைசியில் தேடலாம். பேஸ் கிட்டாரோடு ஒட்டிக்கொண்டு வருவதால் அதுதான் அதிகம் ஏமாற்றும்.