லூக்கா சுவிசேஷம் 22:36-இல் வரும் பட்டயம் (வாள்) போருக்கான அனுமதியா?

இல்லை. வஸ்திரத்தை விற்றாவது பட்டயம் வாங்கும்படி இயேசு சீடர்களுக்குச் சொன்ன அந்த ஒரு வசனத்தை மட்டும் வைத்து, கிறிஸ்தவர்கள் போரை ஆதரிக்கலாம் என்று முடிவு கட்ட இயலாது.

இந்த வசனம் போரை அனுமதிக்கிறதோ என்ற குழப்பத்துக்குக் காரணம், பெரும்பாலும், வசனத்தைத் தனியே பிரித்து வாசிப்பதுதான். அடுத்த வசனத்திலேயே அவர், தாம் அக்கிரமக்காரரில் ஒருவராக எண்ணப்படுவார் என்ற ஏசாயாவின் வாக்கு நிறைவேற வேண்டும் என்கிறார். சீடர்கள் இரண்டு பட்டயங்களைக் காட்டியதும் போதும் என்று நிறுத்திவிடுகிறார். இரண்டு பட்டயங்கள் எந்தப் போருக்கும் போதாது.

லூக்கா 22:35 முதல் 51 வரை ஒரே தொடர்ச்சியாக வாசித்துப் பாருங்கள். அதே இரவில் சீடர்களில் ஒருவன் பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரனின் வலது காதை வெட்ட, இயேசு அதைத் தடுத்து, தம்மைப் பிடிக்க வந்தவனின் காதைத் தொட்டுக் குணமாக்குகிறார். இக்காட்சியை நான்கு சுவிசேஷங்களும் சொன்னாலும், குணமாக்கியதைப் பதிவு செய்தவர் லூக்கா மட்டுமே. ஆகவே பட்டயத்தைப் பற்றிய வசனத்துக்கு லூக்காவே தரும் விளக்கமாக இதை நான் கருதுகிறேன்.

ஆனால் இத்துடன் விவாதம் முடிந்துவிடாது. யோவான் ஸ்நானகன் போர்ச்சேவகரிடம் பணியை விடச் சொல்லவில்லை (லூக்கா 3:14); அரசு அதிகாரம் ஏந்தும் பட்டயத்தைப் பற்றி ரோமர் 13:4 பேசுகிறது. 3-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் ஓரிகன், கிறிஸ்தவர்கள் பேரரசனுக்காக ஆயுதத்தால் அன்றி ஜெபத்தால் போராடுகிறார்கள் என்றார். பிற்காலத்தில் மற்றோர் இறையியலாளரான அகஸ்தீன் நீதியான போர் உண்டு என்று வாதிட்டார். மென்னோனைட்டுகள், குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் இன்றுவரை போரை மறுக்கிறார்கள். வேறு பல திருச்சபைகள் அகஸ்தீனின் வழியில் நிற்கின்றன.